வீரபத்திரன் கடை முன்னால நின்ன பார்வை

நம்புறவங்க முன்னால வந்து உக்காருங்க, நம்பாதவங்க பின்னால போயி நில்லுங்க, ரெண்டு பேருக்கும் நான் சொல்லப்போறது ஒரே கதைதான்.

திண்டுக்கல்லுல எங்க சாயப்பட்டறைத் தெரு பஸ் ஸ்டாப்புல கோர்ட் கிளார்க் நாகலிங்கம் ஒரு கொட்டாவி விட்டாரு, விட்டுட்டு பஸ்ஸு வந்ததும் ஏறிப் போயிட்டாரு, ஆனா கொட்டாவி போகல, அது அங்கேயே நின்னுச்சு. மத்தியான வெயில்ல தார் ரோட்டுக்கு மேல காத்து நெளியுமே, அந்த மாதிரி ஆள் உசரத்துக்கு ஒரு நெளிவு. அதுக்குள்ள பால்காரர் நுழைஞ்சாரு, வாய் காது வரைக்கும் திறந்து நாகலிங்கம் விட்ட அதே கொட்டாவியை, கடைசியில அவர் போடுற "ஆஆவ் முருகா"வோட சேத்து விட்டாரு. பின்னாலயே ஒரு எருமை நுழைஞ்சுச்சு, அதுவும் விட்டுச்சு, முருகா மட்டும் சொல்லல. சாயங்காலம் நாகலிங்கம் திரும்பி வந்து, தன்னோட கொட்டாவிக்குள்ள தானே நின்னு ஒண்ணு விட்டுப் பாத்துட்டு, "சொந்த சரக்குதான்" னு சொல்லிட்டு வீட்டுக்குப் போனாரு.

இதுக்கெல்லாம் யாரு காரணம்னா, ரெஜினாதான். நல்ல புள்ள, கல்யாண வீட்டுல போட்டோ எடுக்குறவ. "சார் கொஞ்சம் சிரிங்க, மேடம் கொஞ்சம் திரும்புங்க, மாமா வயித்தை உள்ள இழுங்க" னு சொல்லிச் சொல்லி அவளுக்குச் சலிச்சுப் போச்சு. ஒருநாள் சின்னதா ஒரு கேமராவை வாங்கிக் கழுத்துல மாட்டிக்கிட்டு எங்க தெருவுக்கு வந்தா. நான் என் கடையில உக்காந்திருந்தேன். நான் பொற்கொடி, ஃபேன்சி ஸ்டோர் வச்சிருக்கேன், பொட்டு, வளையல், ரிப்பன், கவரிங் எல்லாம் கிடைக்கும், ஓசியில வாயும் கிடைக்கும். "என்னடி பண்ற?" ன்னேன். "அக்கா, தன்னை யாரும் பாக்கலைன்னு நினைக்கும்போது மனுஷனுக்கு ஒரு முகம் வரும், அதுதான் நிஜ முகம், எனக்கு அதை எடுக்கணும்" னா. "நிஜ முகத்தை எவடி காசு குடுத்து வாங்குவா, உள்ள பவுடர் டப்பா இருக்கு, அதை வேணா எடு" ன்னேன். சிரிச்சுக்கிட்டே போயிட்டா. போனவ கையில என்ன வரம் இருந்துச்சோ தெரியல, அவ விரல் அமுக்குன இடத்துல எல்லாம் அந்தந்த நிமிஷம் அப்படி அப்படியே தெருவுல நின்னுபோச்சு. ஏன் நின்னுச்சு, எப்படி நின்னுச்சுன்னு எங்க தெருவுல ஒருத்தரும் கேக்கல. முனிசிபாலிட்டியில இருந்து ஒரு இன்ஜினியர் மட்டும் டேப்பு எடுத்துக்கிட்டு வந்து கொட்டாவியை அளந்தாரு, ஒரு கொட்டாவி விட்டாரு, போயிட்டாரு.

எங்க தெருக்காரங்களைப் பத்தி ஒண்ணு சொல்லணும், தெருவுல ஒரு கல்லு கிடந்தாலும் அதுல மாவாட்ட முடியுமான்னு பாப்பாங்க. ராத்திரி தூக்கம் வராத பெருசுங்க எல்லாம் நாற்காலியைத் தூக்கிட்டுப் போயி கொட்டாவிக்குள்ள கொஞ்ச நேரம் உக்காந்து எழுந்து வந்தாங்க. டீக்கடை வாசல்ல எவனோ ஒருத்தன் பஜ்ஜியைப் பாத்து "ஆ" ன்னு வாயைத் திறந்தது நின்னுச்சா, சோறு திங்காத பிள்ளைங்களை எல்லாம் இடுப்புல தூக்கிட்டு வந்து அதுக்குள்ள நிறுத்தி, திறந்த வாயில பருப்புச் சோத்தைத் திணிச்சாங்க, கசாயத்தையும் ஊத்துனாங்க, தெருவே நாலு நாள்ல கொழுகொழுன்னு ஆயிருச்சு. ஒரு தும்மல் போஸ்ட் ஆபீஸ் முன்னால நின்னுச்சு, மூக்கடைப்புக்காரங்க அங்க வரிசை கட்டுனாங்க. ஒரு அம்மா மெடிக்கல் வாசல்ல செருப்பு வாரு அறுந்து "அய்யய்யோ" ன்னு ஒத்தைக் கால்ல தத்துனது அப்படியே நின்னுச்சு, காலேஜ் பசங்க அதுல வரிசையா தத்திப் பழகி ஸ்போர்ட்ஸ் டேயில பரிசு வாங்குனாங்க. பக்கத்துத் தெருக்காரங்க ஆட்டோ பிடிச்சு வந்து வேடிக்கை பாத்துட்டு, "எங்க தெருவுல ஒரு கொட்டாவி கூட இல்ல" ன்னு வயிறெரிஞ்சு போனாங்க.

சிக்கல் எங்க வந்துச்சுன்னா கவுன்சிலர் குணசேகரன்கிட்ட. ரேஷன் கடை மூலையில நின்னு, ஆள் அரவம் இல்லைன்னு நம்பி, மூக்குக்குள்ள விரலை விட்டு ஏதோ புதையல் தேடுற மாதிரி தேடியிருக்காரு, ரெஜினா டக்குன்னு அமுக்கிட்டா. அதுல இருந்து ரேஷனுக்கு வர்ற அத்தனை பேரும், பெரிய மனுஷன், சின்ன மனுஷன், வேட்டி, சேலை, பர்தா, யூனிஃபார்ம் எல்லாம் அந்த மூலை திரும்புனதும் மூக்குல விரலை விட்டாங்க. அதுவும் எப்படி, தலையை லேசா சாச்சு, கண்ணைப் பாதி மூடி, தலைவர் ஸ்டைல்லயே. மனுஷன் அழுதே போட்டாரு. "அம்மா தாயே, எலெக்ஷன் வருது, எதிர்க்கட்சிக்காரன் மேடையிலயே செஞ்சு காட்டுறான்" னு ரெஜினாகிட்ட வந்து நின்னாரு. அவ கேமராவுல அந்தப் போட்டோவை எடுத்து அழிச்சா, மூலையில நின்னது பொசுக்குன்னு போச்சு. அப்பதான் எங்களுக்கு இப்படி ஒரு வழி இருக்குறதே தெரிஞ்சுச்சு. ரெஜினாவும் ஒரு சட்டம் போட்டுட்டா, யாரோட நிமிஷமோ அவங்க வந்து அழின்னு சொன்னா அழிச்சிருவேன், வேற யாரு சொன்னாலும் மாட்டேன்னு.

அதோட தெருவே உஷாராயிருச்சு. நம்ம ஆளுங்களுக்குக் கேமராவைக் கண்டா ஒரு வியாதி உண்டுல்ல, ரெண்டு கையையும் தொடையோட ஒட்டி, மூச்சைப் பிடிச்சு, கண்ணை முழிச்சு, ஆதார் கார்டுக்கு நிக்கிற மாதிரியே நிப்பாங்கல்ல, இப்ப ரெஜினா எந்தச் சந்துல இருந்து வருவாளோன்னு பயந்து எல்லாரும் காலையில இருந்து பொழுது சாயிற வரைக்கும் அப்படியே அலைஞ்சாங்க. கறிக்கடைக்காரர் பவுடர் போட்டுக்கிட்டு கோழி வெட்டுனாரு. புருஷன் பொண்டாட்டி சண்டை போட்டா, தோளோட தோள் உரசி நேராப் பாத்து நின்னுக்கிட்டு, பல்லு தெரியச் சிரிச்சுக்கிட்டே "நீ நாசமாப் போயிருவ" ன்னாங்க. குழாயடியில குடத்தைத் தூக்குறவங்க கூட மூணு தடவை கூந்தலைச் சரிபண்ணிட்டுத்தான் தூக்குனாங்க. ரெஜினா பாவம், நாள் முழுக்க நடந்து நடந்து தெருவுல ஒரு முகமும் சிக்காம, "எல்லாரும் பாஸ்போர்ட் போட்டோ மாதிரி இருக்கீங்கக்கா" ன்னு என் கடை வாசல்ல வந்து உக்காந்து மூக்கைச் சிந்துனா.

இந்தக் கூத்துல உஷாரா இல்லாத ஒரே ஆளு வாழையிலைக் கடை வீரபத்திரன். பேருதான் வீரபத்திரன். இலை மேல ஈ உக்காந்தா "கொஞ்சம் நகர்றியாப்பா" ன்னு கேக்குற ஆளு. கூடப் பொறந்தவளுங்க மூணு பேருக்குக் கல்யாணம் பண்ணி வச்சு, அவளுங்களுக்குப் பேறுகாலம் பாத்து, அந்தப் பிள்ளைங்களுக்கு மொட்டை போட்டு, தனக்குன்னு ஒரு கல்யாணம் பண்ண மறந்துபோன மனுஷன். அவர் கடை எனக்கு நேர் எதிர்க்க. இத்தனை வருஷத்துல என்கிட்ட அவர் பேசுனது "இலை வேணுங்களா" ங்கிறது மட்டும்தான், அதையும் தரையைப் பாத்துத்தான் கேப்பாரு. எனக்கும் கல்யாணம் ஆகல, அது ஒண்ணும் பெரிய சோகக் கதை இல்ல, பொண்ணு பாக்க வந்தவங்க எல்லாம் பஜ்ஜியைத் தின்னுட்டு என் வாயைப் பாத்து ஓடிட்டாங்க, அவ்வளவுதான்.

அன்னைக்கு ஒரு பதினோரு மணி இருக்கும். வீரபத்திரன் நின்னுக்கிட்டே கட்டுப் பிரிச்சு இலை நறுக்கிக்கிட்டு இருந்தவரு, கத்தியை அப்படியே பிடிச்சுக்கிட்டு தலையைத் தூக்கி எதிர்ப்பக்கம் பாத்திருக்காரு. பாத்து, உதட்டு ஓரத்துல ஒரு சிரிப்பு வந்திருக்கு. ரெஜினா அதை எடுத்துட்டா. அவ்வளவுதான், இலைக்கடை முன்னால அந்தப் பார்வை நின்னுபோச்சு.

அதுக்குள்ள போனவங்களுக்கு என்ன ஆச்சுன்னா, கழுத்து மெதுவா எதிர்ப்பக்கம் திரும்பும், கண்ணு குழையும், சிரிப்பு வரும், பெருமூச்சு ஒண்ணு போகும், வயித்துக்குள்ள என்னமோ பண்ணும். கடன்காரனைத் தேடி அரிவாளோட வந்தவன் அதுக்குள்ள மாட்டி, "போகட்டும், அடுத்த மாசம் பாப்போம்" னு திரும்பிப் போனான். ரேஷன் கடைக்காரர் தினமும் அந்த வழியா வந்து, அளவுல கைவைக்காம சர்க்கரை போட ஆரம்பிச்சாரு. சண்டை போட்ட புருஷன் பொண்டாட்டிங்க வரிசையில வந்து நின்னாங்க, ஒவ்வொரு ஜோடியா உள்ள போயி, வெளிய வரும்போது ஒருத்தர் தோள்ல ஒருத்தர் சாஞ்சுக்கிட்டு நேரா பழக்கடைக்குப் போனாங்க. கொட்டாவியை விட, தும்மலை விட, எங்க தெருவுக்குப் பேரு வாங்கிக் குடுத்தது இந்தப் பார்வைதான்.

ஆனா யாரைப் பாத்த பார்வை? அங்கதான் தெரு மூணா உடைஞ்சுச்சு. வீரபத்திரன் கடையில இருந்து பாத்தா, ரோட்டோரத்துல தாழ்வா காதர் பாயோட பரோட்டா கல்லு, அதுக்குப் பின்னால என் கடை, கடைக்கு மேல டிரான்ஸ்பார்மர், எல்லாம் ஒரே நேருக்கு இருக்கும். உள்ள போயி நின்னவங்கள்ல குட்டையானவங்களுக்குப் பரோட்டா கல்லு தெரிஞ்சுச்சு, நெட்டையானவங்களுக்கு டிரான்ஸ்பார்மர் தெரிஞ்சுச்சு. "வயித்துக்குள்ள என்னமோ பண்ணுதுல்ல, அது பசிதான்யா, பரோட்டாதான்யா" ன்னு பரோட்டா கட்சி. "அன்னைக்கு ரெண்டு நாளா கரண்ட் இல்ல, டிரான்ஸ்பார்மர்ல லைன்மேன் ஏறுனதைப் பாத்துத்தான் மனுஷன் உருகியிருக்காரு" ன்னு டிரான்ஸ்பார்மர் கட்சி. பொற்கொடி கட்சின்னு ஒண்ணு இருந்துச்சு, அதுல ரெஜினா மட்டும்தான் இருந்தா. ஆட்டோ செல்வம் என் கடை வாசல்லயே நின்னு, "அக்காவை எவன் அப்படிப் பாப்பான், உசுரு மேல ஆசை இல்லாதவனா?" ன்னு கேட்டான். நான் ரிப்பன் கட்டையைத் தூக்கி எறிஞ்சேன், ஓடிட்டான்.

எறிஞ்சேனே தவிர, உள்ளுக்குள்ள எனக்கு அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. ஒரு பத்தடி ரோட்டைத் தாண்டுனா தெரிஞ்சுபோகும். ஆனா தாண்டிப் போயி, தெருவே பாக்க நான் அதுக்குள்ள நின்னு, கடைசியில அது பரோட்டாவா இருந்துச்சுன்னா? பரோட்டாகிட்ட தோத்தவள்னு பேரு வாங்கிக்கிட்டு நான் இந்தத் தெருவுல எப்படிப் பொட்டு விப்பேன்? அதனால போகல. என்னை வாழ்நாள்ல ஒருத்தரும் அப்படிப் பாத்ததில்ல, அதை மட்டும் உங்ககிட்ட மறைக்காம சொல்லிடுறேன்.

வீரபத்திரன் நிலைமை அதை விட மோசம். மனுஷன் ஒவ்வொரு ஆளும் தன் முகத்தை மாட்டிக்கிட்டு நிக்கிறதைத் தன் கடையில உக்காந்தே பாத்தாரு. காலேஜ் பசங்க உள்ள போயி நின்னு செல்ஃபி எடுத்தாங்க, ஒரு நாய் கூட உள்ள போயி அந்தச் சிரிப்பைச் சிரிச்சுச்சு. அவர் இலையைத் தப்புத் தப்பா நறுக்குனாரு, கல்யாண வீட்டுக்குப் போன பந்தி இலை கூட, பிள்ளையாருக்குப் படைக்கிற இலை அளவுக்குச் சின்னதாப் போச்சு. கடைசியில ரெஜினாகிட்ட போயி, "அழிச்சிரும்மா, இல்லைன்னா நான் கடையை மூடிட்டு ஒட்டன்சத்திரத்துல தங்கச்சி வீட்டுக்கே போயிடுறேன்" னு சொல்லிட்டாரு. சொன்னது தெருவுக்குத் தெரிஞ்சு, அத்தனை பேரும் மறுநாள் காலையில இலைக்கடை முன்னால கூடிட்டாங்க.

"அழிக்கக் கூடாது" ன்னாரு ரேஷன் கடைக்காரர், அதுல திருந்துனவராச்சே. "என் மாமியார் நாளைக்குத்தான் ஊர்ல இருந்து வருது, நாளைக்குச் சாயங்காலம் வரைக்குமாவது விட்டு வையுங்க" ன்னா ஒருத்தி. கவுன்சிலர் குணசேகரன் வந்து, "இது பொதுச் சொத்து, நான் கூரை போட்டுத் தர்றேன்" னாரு. "உங்க மூக்குக்கு ஏன் கூரை போடல?" ன்னா ரெஜினா. காதர் பாய், "அடேய், அந்த மனுஷன் மூஞ்சியைப் பாருங்கடா, அழுதுருவாரு போல" ன்னு சொன்னது யாரு காதுலயும் விழல. வீரபத்திரன் நடுவுல கையைக் கட்டிக்கிட்டு நின்னாரு. "அண்ணே, உறுதியாத்தானே சொல்றீங்க?" ன்னு ரெஜினா கேமராவை எடுத்தா. "அழிச்சிரும்மா" ன்னாரு, தரையைப் பாத்துக்கிட்டே.

இப்ப அழிச்சா அழிச்சதுதான், யாரைப் பாத்ததுன்னு நான் சாகுற வரைக்கும் தெரியாது. "ஏய், கொஞ்சம் நில்லு!" ன்னு ஒரு சத்தம் போட்டேன், ஸ்டூலைத் தள்ளிட்டு எழுந்தேன், ரோட்டைத் தாண்டினேன். பரோட்டா கல்லுல டக்கு டக்குன்னு அடிச்சுக்கிட்டு இருந்தது கூட நின்னுபோச்சு. வீரபத்திரன் "வேணாங்க" ன்னு ஒரு கையை நீட்டுனாரு. நான் நுழைஞ்சுட்டேன்.

கழுத்து திரும்புச்சு. எனக்கும் அவருக்கும் ஒரே உசரம், அதை அதுவரைக்கும் ஒருத்தரும் யோசிக்கல. என் கண்ணு பரோட்டா கல்லைத் தாண்டி மேல போச்சு, டிரான்ஸ்பார்மர் வரைக்கும் போகாம கீழேயே நின்னுச்சு, நேரா என் ஸ்டூல்ல போயி விழுந்துச்சு. ஸ்டூல் காலியாத்தான் இருந்துச்சு, ஆனா அதுல நான் எப்படி உக்காந்திருப்பேன்னு எனக்குத் தெரியாதா, எண்ணெய் வழியிற மூஞ்சியோட, முடியை அள்ளிச் சொருகிக்கிட்டு, வளையலைத் தொடச்சுக்கிட்டே எவனையாவது வைஞ்சுக்கிட்டு. அந்த வையிற வாயைப் பாக்க எனக்கு அவ்வளவு ஆசையா இருந்துச்சு. இன்னும் கொஞ்சம் வையட்டும்னு இருந்துச்சு. சொல்ல வெக்கமா இருக்கு, என்னையவே எனக்குப் பிடிச்சுப்போச்சு.

அதுக்கு அடியில அவரோடது இன்னொண்ணும் இருந்துச்சு. குதிகால் தானா தூக்குச்சு, ஓடுறதுக்கு. அய்யோ, இந்தப் பொம்பளை இப்ப நிமிந்து பாத்துட்டா நான் செத்தேன்னு ஒரு பயம், என்னைப் பாத்து எனக்கே நடுங்குச்சு. யாரும் பாக்கலைல்ல, யாரும் பாக்கலைல்லன்னு உள்ள ஒரு அடி அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. வருஷக்கணக்கா அந்த மனுஷன் ஒருத்தருக்கும் தெரியாம பொத்திப் பொத்தி வச்சிருந்த ஒண்ணு அது, அதுக்குள்ளதான் ஊரே செருப்புக் காலோட போயிட்டுப் போயிட்டு வந்திருக்கு. எனக்கு அழுகை வந்துருச்சு, அடக்க முடியல, ஓன்னு அழுதுட்டேன்.

"என்னக்கா, பரோட்டாவா?" ன்னான் செல்வம்.

"வாயை மூடுறா" ன்னுட்டு வெளிய வந்தேன். மூக்கைத் தொடச்சுக்கிட்டு, "ரெஜினா, அழிச்சிரு" ன்னேன்.

தெருவே ஹோன்னு கத்துச்சு. நான் விடல. "அழிக்கச் சொன்னது அவரு, அது அவரோடது. உங்களுக்கு அப்படி ஒரு பார்வை வேணும்னா, வீட்டுக்குப் போயி உங்க உங்க பொண்டாட்டி புருஷனை நீங்களே அப்படிப் பாருங்க, போங்க. ஓசிப் பார்வைக்கு என்னடா வரிசை?" ன்னு ஒரு பிடி பிடிச்சேன். ரெஜினா என்னைப் பாத்தா, அவரைப் பாத்தா, அவர் தலையாட்டுனாரு, அழிச்சிட்டா. நெளிவு போச்சு. வரிசையில பாதி உள்ளயும் பாதி வெளியயுமா நின்ன ஒரு ஜோடி, விட்ட வார்த்தையில இருந்து சண்டையைத் திரும்ப ஆரம்பிச்சுச்சு.

நான் வீரபத்திரன் முன்னால போயி நின்னேன். அவர் தரையைத்தான் பாத்தாரு.

"இந்தாங்க, இனிமே பாக்கணும்னா இலைக்கட்டுக்குப் பின்னால ஒளிஞ்சு பாக்குற வேலை வேணாம். கடைக்கு வாங்க, நேராப் பாருங்க. நான் கடிக்க மாட்டேன். வைவேன், அது வேற விஷயம்."

சொல்லிட்டுத் திரும்பிப் பாக்காம வந்து என் ஸ்டூல்ல உக்காந்துட்டேன். கை அதுபாட்டுக்கு வளையலைத் தொடைக்குது. ரெஜினா கேமராவைப் பைக்குள்ள போட்டு ஜிப்பை இழுத்து மூடிட்டா, அந்தப் புள்ளைக்கு அவ்வளவு அறிவு. தெரு முழுக்க எங்கேயோ பாக்குற மாதிரி நின்னுச்சு, செல்வம் வானத்துல கொக்கு எண்ணுனான், கவுன்சிலர் தன் செருப்பையே புதுசா பாக்குற மாதிரி பாத்தாரு. வீரபத்திரன் கத்தியைக் கீழ வச்சாரு, கையைத் துண்டுல தொடச்சாரு, ரோட்டுல இறங்குனாரு, ஒரு லோடு ஆட்டோ வந்துச்சு, பின்வாங்குனாரு, திரும்ப இறங்குனாரு, வந்து என் கடை முன்னால நின்னாரு.

துண்டை எடுத்துத் தோள்ல போட்டாரு. திரும்ப எடுத்து மடிச்சாரு.

"என்ன வேணும்?" னேன்.

"ஹேர்பின் இருக்குங்களா?" ன்னாரு.

தலையில பேருக்கு ஒரு முடி கிடையாது அந்த மனுஷனுக்கு. பளபளன்னு வெயில்ல மின்னுது. பின்னால தெருவே வாயில துணியை அடைச்சுக்கிட்டுக் குலுங்குச்சு. எனக்கும் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு, உதட்டைக் கடிச்சுக்கிட்டு, ஹேர்பின் டப்பாவை எடுத்து முன்னால வச்சேன்.

"எத்தனை வேணும்?"

தரையில இருந்து கண்ணை எடுத்தாரு. என் கையைப் பாத்தாரு, அப்புறம் நிமிந்து என் மூஞ்சியை நேராப் பாத்தாரு.

"இருக்குற எல்லாத்தையும் குடுங்க" ன்னாரு. "ஒவ்வொண்ணா எண்ணிக் குடுங்க, அவசரம் ஒண்ணும் இல்ல."